ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத எழுத்துகள்

வணக்கம். கூட்டம் முடிந்ததும் யாராவது கேட்கப்போகும் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறேன். “அப்பாவுக்கு பிரஷர். எனக்கும் வருமா?”

வரலாம். ஆனால் ‘பிரஷர் மரபணு’ என்று ஒன்றே ஒன்று உங்களிடம் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சரி, முதலில் குழாயைப் பார்ப்போம். சிறு தமனியின் உட்புறம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு. அதைச் சுற்றி வளையம் வளையமாக மென்தசை செல்கள். விரிப்பு நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால் தசை தளரும். ஆரம் பத்தில் ஒரு பங்கு சுருங்கினாலோ ரத்த ஓட்டத்துக்கான தடை ஏறத்தாழ 50 சதவீதம் கூடிவிடும்.

துருக்கியில் ஒரு குடும்பம், 1973-இல் மருத்துவ இதழில் பதிவானது. யாருக்கெல்லாம் விரல்கள் குட்டையோ, அவர்களுக்கெல்லாம் கடும் ரத்த அழுத்தம். சிகிச்சை இல்லையென்றால் 50 வயதுக்குள் பக்கவாதம். விரலைப் பார்த்தே பிரஷரைச் சொல்லிவிடலாம்! காரணம் பிடிபட 2015 வரை ஆனது: பிடிஇ3ஏ என்ற மரபணு. தசையைத் தளரச் சொல்லும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைச் சிதைக்கும் நொதி அதிலிருந்து வருகிறது. பிழை விழுந்த நொதி அளவுக்கு மீறி வேலை செய்ய, தளரச் சொல்ல ஆளில்லை. போதாததற்கு மென்தசை செல்கள் பெருகிச் சுவரும் தடிக்கிறது.

இது அபூர்வம். நம்மிடம் இருப்பது வேறு ரகம். பத்து லட்சம் பேருக்கு மேல் அலசிய 2018 ஆய்வோடு, நம் டிஎன்ஏ-வில் ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள இடங்கள் 901 ஆயின. பெரும்பாலானவற்றின் பங்கு, பிரஷரை அளக்கும் கணக்கில், ஒரு மில்லிமீட்டர் பாதரசம்கூடத் தேறாது. அப்பாவிடமிருந்து அவற்றில் எது வரும், எது வராது என்பது சீட்டுக் குலுக்கல்தான்.

எனக்குப் பிடித்தது ஆறாவது குரோமோசோமில் ஓர் எழுத்து, அதாவது டிஎன்ஏ-வில் வரிசையாக நிற்கும் ஏ, டி, ஜி, சி என்ற வேதி எழுத்துகளில் ஒன்று. அங்கே ஏ-க்குப் பதில் ஜி இருந்தால் இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. ஒற்றைத் தலைவலிக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் குறைகிறது. ஒரே எழுத்து, இரண்டு முகம். 2017-இல் ஒரு குழு, பல வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லில் அந்த எழுத்தை மட்டும் மாற்றி, அதை ரத்தக்குழாய் செல்லாக வளர்த்தது. ஆறு லட்சம் எழுத்துகள் தள்ளியிருக்கும் எண்டோதீலின் மரபணு கூடுதலாக வேலை செய்கிறது என்றது. எண்டோதீலின் குழாயை இறுக்கும் பொருளாயிற்றே, அழுத்தம் ஏன் குறைய வேண்டும்? நியாயமான கேள்வி. அதே பொருள் உள்விரிப்பில் இருக்கும் வேறோர் ஏற்பியில், அதாவது செல்லின் மேலுள்ள பூட்டு போன்ற புரதத்தில், ஒட்டினால் நைட்ரிக் ஆக்சைடு வெளிவரும், தசை தளரும். இதை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு. அந்த எழுத்து உட்கார்ந்திருக்கும் மரபணுவே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் சந்தேகிக்கிறார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.