மண்டேவை ஏன் சின்ன எழுத்தில் எழுதுகிறார்கள்? ஸ்பானிஷ் மாணவர்கள் பற்றி ஒரு கேள்வி

வணக்கம். இன்றைய முதல் கேள்வி கோவையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. கொலம்பியா, மெக்சிகோ மாணவர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாராம். “நன்றாகப் பேசுகிறார்கள். எழுதச் சொன்னால் மண்டே, மார்ச், இங்கிலீஷ் எல்லாமே சின்ன எழுத்தில் வருகிறது. நான் என்பதற்கான ‘ஐ’ கூட அப்படித்தான். எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லை. கவனக்குறைவுக்காக மதிப்பெண் குறைக்கலாமா?” என்று கேட்டு, ஒரு மாணவரின் நோட்டுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

இப்போதைக்குக் குறைக்காதீர்கள், சகோதரி. அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். அதில் கவனக்குறைவே இல்லை. அந்த மாணவர் சின்ன வயதிலிருந்து படித்த விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார். அது ஸ்பானிஷ் விதி, அதுதான் விஷயம்.

ஸ்பானிஷில் திங்கட்கிழமைக்கு ‘லூனெஸ்’, மார்ச்சுக்கு ‘மார்சோ’, ஆங்கிலத்துக்கு ‘இங்க்லேஸ்’. வாக்கியத்தின் நடுவே வந்தால் மூன்றுக்கும் சின்ன எழுத்துதான். பெரிய எழுத்து போட்டால்தான் அங்கே ஆசிரியர் சுழிப்பார். ‘ஃபிரான்சியா’ என்று நாட்டைச் சொன்னால் பெரிய எழுத்து உண்டு, பிரெஞ்சு மொழி, பிரெஞ்சுக்காரர் என்றால் கிடையாது. ‘நான்’ என்பதற்கு அவர்கள் சொல் ‘யோ’. அதற்கும் தனி மரியாதை ஒன்றும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பதே கிடையாது. அதனால் ஏபிசிடியோடு சேர்த்து இதையும் புதிதாகவே படிக்கிறோம். அவர்களுக்கோ அதே எழுத்து, ஏறக்குறைய அதே விதி. எங்கே மாறுகிறது என்று கண்ணில் படாது. போதாக்குறைக்கு, போனில் ஆங்கிலக் கீபோர்டு ‘ஐ’யையும் மண்டேவையும் தானாகவே திருத்திவிடுகிறது. பேனாவைப் பிடித்தால்தான் குட்டு வெளிப்படும்.

அப்புறம், அந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஐந்தாவது வரி. “இஃப் இட் ரெயின்ஸ்” என்று எழுதி, கமா போட்டு, அதன் பிறகு தலைகீழாக ஒரு கேள்விக்குறி போட்டு, “கேன் வீ ஸ்டே அட் ஹோம்” என்று முடித்திருக்கிறார். நீங்கள் அந்தக் குறியை அடித்திருக்கிறீர்கள். சரி, ஆங்கிலத்தில் அது வேண்டாம்தான். ஆனால் அது வாக்கியத்தின் தொடக்கத்தில் இல்லாமல் நடுவில் இருப்பதைக் கவனித்தீர்களா? ஸ்பானிஷில் கேள்வி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் அதைப் போட வேண்டும். இம்மி பிசகாமல் போட்டிருக்கிறார்.

அந்தக் குறி அவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது? ‘வருகிறான்’ என்பதைக் கேள்வியாக்க நாம் கடைசியில் ஒரு ‘ஆ’ சேர்க்கிறோம்: வருகிறானா. ஆங்கிலத்தில் ‘டஸ்’, ‘இஸ்’ என்று முன்னாலேயே ஒரு சொல் வந்து எச்சரித்துவிடும். ஸ்பானிஷில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ‘வியேனெ மன்யானா’ என்றால் நாளை வருகிறான். அதே இரண்டு சொல்லைக் குரலை உயர்த்திச் சொன்னால் நாளை வருகிறானா. காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. நீளமான வாக்கியத்தைச் சத்தம் போட்டு வாசிப்பவர் கடைசிக்கு வந்த பிறகுதான் அது கேள்வி என்று கண்டுபிடிப்பார். அதனால்தான் ஸ்பெயினின் அரச அகாதமி 1754-ல் தன் எழுத்திலக்கண நூலில் இந்தத் தொடக்கக் குறியைக் கொண்டுவந்தது. முதலில் நீளமான கேள்விகளுக்கு மட்டும், பிறகு எல்லாக் கேள்விகளுக்கும். மாணவரிடம் இதைச் சொல்லுங்கள். “ஆங்கிலத்தில் ‘கேன்’ முன்னால் வந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது, அதனால் குறி வேண்டாம்” என்று சொன்னால் ஒரே நாளில் விட்டுவிடுவார். சின்ன எழுத்துதான் வருடக்கணக்கில் கூட வரும்.

கமா விஷயம், சுருக்கமாக. நெருங்கிய தொடர்புள்ள இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவாலேயே கோப்பது ஸ்பானிஷில் இயல்பு. ஆங்கிலத் தேர்வில் அது பிழை. முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள், போதும். கடிதத்தில் ‘டியர் மரியா’வுக்குப் பிறகு முக்காற்புள்ளி வைக்கிறார்கள் என்கிறீர்கள். அது ஸ்பானிஷ் கடித வழக்கம். அமெரிக்க அலுவலகக் கடிதத்தில் அதுவே சரி என்பதால், நண்பருக்கு எழுதும்போது மட்டும் கமாவாக்கினால் போதும்.

எண்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கொலம்பியா மாணவர் 1.500 என்று எழுதினால் அது ஒன்றரை இல்லை, ஆயிரத்து ஐந்நூறு. ஒன்றரையை 1,5 என்று எழுதுவார். மெக்சிகோவில் நம்மைப் போலவே தசமத்துக்குப் புள்ளிதான். அதனால் ஒரே வகுப்பில் ஒருவர் சரியாகவும் இன்னொருவர் தப்பாகவும் எழுதுவதாகத் தோன்றும். எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துத் திருத்துங்கள்.

சிவப்பு மைக்குப் பதில் இதைச் செய்து பாருங்கள். தங்கள் வாரத்தைப் பற்றி ஐந்து வரி, இடப்பக்கம் ஸ்பானிஷில், வலப்பக்கம் ஆங்கிலத்தில், காகிதத்தில் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். எங்கெல்லாம் எழுத்தின் அளவு மாற வேண்டுமோ அங்கெல்லாம் அவர்களையே வட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் இப்படி நடக்கட்டும். மதிப்பெண் குறைப்பதாக இருந்தால் அதற்குப் பிறகு குறைக்கலாம்.