அந்த இரண்டு நிமிடத்துக்கு எட்டு மாதம் ஆனது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஏ பிளாக்கிலிருந்து எஃப் பிளாக் வரைக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பொங்கல் விழாவில் உட்கார்ந்திருக்கும் நம் குடியிருப்புச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நாய் வளர்க்கும் அண்டை வீட்டார் குடியிருப்பின் விதியை மீறினால் ஒதுங்கிப் போவதா, நேரில் கேட்பதா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நேரில் கேட்க வேண்டும் என்ற அணியில் நான் நிற்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் நாய் வளர்க்கிறேன். டி பிளாக், மூன்றாவது மாடி. பெயர் கருப்பன், நாட்டு நாய், ஆறு வயது. நாய் வேண்டாம் என்று பேச நான் இங்கே வரவில்லை. அவன் இந்தக் குடியிருப்பில் கடைசி வரைக்கும் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா சொன்னார்: பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டியிருக்கிறது, ஒரு நாய்க்காக அந்த உறவைக் கெடுத்துக்கொள்ளலாமா, சங்கம் இருக்கிறது, கேமரா இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அவருக்கு அடுத்துப் பேசிய அக்கா, லிப்டில் அந்தப் பெரிய நாய் நின்றால் நான் ஏறமாட்டேன், நாலு மாடியும் படியில் ஏறிவிடுவேன், எனக்கு வம்பு வேண்டாம் என்றார். அக்கா சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நடுவர் அவர்களே, மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நானும் என் கணவரும் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். மகள் அதற்கு முன்பே பள்ளிக்கூடம் போயிருப்பாள். கருப்பனுக்குத் தண்ணீர் வைத்து, பால்கனியில் விட்டுவிட்டுப் போவோம். காற்றாட இருக்கட்டும் என்ற நினைப்பு. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு செய்தி வரும்: "டி பிளாக்கில் சிலர் நாயைக் குரைக்க விட்டுவிட்டுப் போகிறார்கள், அடுத்தவர் கஷ்டம் அவர்களுக்குத் தெரிவதில்லை." பெயர் இருக்காது, வீட்டு எண் இருக்காது. எங்கள் பிளாக்கில் ஐந்து வீட்டில் நாய் உண்டு. முதல் மாடி லாப்ரடாரைத்தான் சொல்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். "உண்மைதான், கவனிக்க வேண்டும்" என்று ஒரு தடவை பதில்கூடப் போட்டேன். நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் கருப்பன் வாயே திறக்கமாட்டான். அப்புறம் எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருக்கும் அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை, வந்து கதவைத் தட்டினார். உள்ளே வாங்கம்மா என்றேன். வாசலிலேயே நின்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நீங்க கிளம்பினதும் உங்க நாய் குரைக்க ஆரம்பிச்சா பன்னிரண்டு மணி வரைக்கும் நிறுத்தறதில்ல. என் பையன் நைட் ஷிப்ட் முடிச்சு எட்டு மணிக்குத்தான் வந்து படுக்கறான்." அவ்வளவுதான் சொன்னார். இரண்டு நிமிடம் இருக்கும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டு மாதம் ஒரு பையன் தூக்கம் கெட்டு வேலைக்குப் போயிருக்கிறான், காரணம் என் வீட்டுப் பால்கனி. இன்னொரு பக்கம், எட்டு மாதம் என் நாய் நாங்கள் போனதும் தனியாக நின்று கத்தியிருக்கிறான். அதுவும் எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து ஆறு மணிக்கே எழுந்து, முக்கால் மணி நேரம் அவனை நடத்திக் கூட்டிவந்தோம். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உள் அறையில் விட்டோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவை ஒன்பதரைக்கு வரச் சொன்னோம், வீட்டில் ஒரு ஆள் நடமாட்டம் இருக்கட்டும் என்று. மூன்று வாரத்தில் சத்தம் அடங்கியது. ஐயா, எட்டு மாதமாகக் குழுவில் போட்ட செய்தி செய்யாததை ஒரு அம்மாவின் இரண்டு நிமிடம் செய்தது. ஏன் தெரியுமா? நாய் தனிமையில் குரைக்கும்போது அதைக் கேட்க முடியாத ஒரே ஆள் அதன் சொந்தக்காரர். அவர் அப்போது வீட்டில் இல்லை. யாராவது போய்ச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

சரி, சங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்திய விலங்குகள் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1962-ல் வந்தது. அதைத் தொடங்கி நடத்தியவர் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். 2018-ல் ஹரியானாவுக்குப் போகும் வரை அதன் தலைமையகம் நம் சென்னையில்தான் இருந்தது. அந்த வாரியம் குடியிருப்புச் சங்கங்களுக்கும் நாய் வளர்ப்பவர்களுக்கும் 2015-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது, பெரும்பான்மை ஓட்டு எடுத்தாலும் முடியாது. நாயை லிப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்ல முடியாது. கழிவை அள்ளாதவருக்குத் தன்னிஷ்டத்துக்கு அபராதம் போட முடியாது. என்ன செய்யலாம் என்றால், கேட்டுக்கொள்ளலாம். பொது இடத்தில் கயிறு பிடித்துக் கூட்டிப் போங்கள், கழிவை அள்ளுங்கள் என்று வளர்ப்பவர்களுக்கும் அதே வாரியம் அறிவுரை சொல்கிறது.

நடுவர் அவர்களே, அந்தக் 'கேட்டுக்கொள்ளலாம்' என்ற இடத்தைக் கவனியுங்கள். லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய நோட்டீஸ் யாரையும் கேட்டுக்கொள்ளாது. அது ஒட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு முகம் வேண்டும்.

ஒதுங்கிப் போகிறவர்கள் அமைதியாக இருக்கிறார்கள் என்று எதிரணி நினைக்கிறது. அப்படி இல்லை. மனதுக்குள் அது சேர்ந்துகொண்டே இருக்கும். சறுக்கு மரத்தடியில் கழிவை மிதித்துவிட்டு வந்த பிள்ளையின் செருப்பைக் கழுவும்போது சேரும். நாய்க் கழிவில் உருண்டைப் புழுவின் முட்டை இருக்கலாம், மண்ணில் விளையாடும் பிள்ளைகள் வயிற்றுக்குள் அது போகலாம் என்று தெரிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாகச் சேரும். இப்படிச் சேர்ந்த கோபம் ஒரு நாள் பொதுக்குழுவில் வெடிக்கும். அங்கே யாரும் 'அந்த வீட்டுக்காரர் கழிவை அள்ளட்டும்' என்று பேசமாட்டார்கள். 'இனி இங்கே நாயே கூடாது' என்றுதான் தீர்மானம் வரும். சட்டத்தில் நிற்காத தீர்மானம் அது. ஆனால் அதற்குள் ஒழுங்காக அள்ளுகிறவரும் அள்ளாதவரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டு, பாதிக் குடியிருப்பு மீதிக் குடியிருப்போடு பேசாமல் போயிருக்கும். ஒருவரிடம் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தையை விழுங்கியதன் விலை இது. இதைவிட மோசமானதும் நடக்கிறது. மனிதனிடம் கேட்கத் துணியாதவன் நாயின் மேல் கல்லை எறிகிறான், உணவில் விஷம் வைக்கிறான். அது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

அடுத்து, வாட்ச்மேன் சொல்லட்டுமே என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம்மிடம் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு மனிதரை, நமக்குத் துணிவில்லாத வேலையைச் செய்ய அனுப்புகிறோம். "நீ யார்டா எனக்குச் சொல்ல" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மாநகராட்சிப் பூங்காவில் அவிழ்த்துவிடப்பட்டிருந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறின. அது யார் குழந்தை? அந்தப் பூங்காவின் காவலாளியுடைய மகள். கயிறு இல்லாத நாயால் முதலில் அடிபடுவது யார் என்று பாருங்கள். நம் குடியிருப்பிலும் தரையில் இருப்பவர் அவர்தான். அவருடைய பிள்ளைகள்தான் கார் நிறுத்தும் இடத்தில் விளையாடுகிறார்கள். நாம் நாலாவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு, 'அவர் சொல்லட்டும்' என்கிறோம்.

எதிரணி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. எல்லோரிடமும் போய்க் கேட்க முடியாது. குடித்துவிட்டு நிற்பவரிடம், கை நீட்டும் வழக்கம் உள்ளவரிடம் தனியாகப் போகாதீர்கள், தேவையில்லை. நாய் கடித்துவிட்டது என்றால் அப்போது பேச்சுக்கே இடமில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அப்புறம் காவல் நிலையத்துக்குப் போங்கள். வளர்க்கும் விலங்கைக் கவனக்குறைவாக விடுபவருக்கு அதே சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் இந்த எல்லை வரைக்கும் போகாமல் இருக்கத்தானே ஐயா முதலிலேயே கேட்கச் சொல்கிறோம்?

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லிப்டுக்குள் வைத்துக் கேட்காதீர்கள். குரல் உயர்ந்தால் நாய்க்குப் புரியும். சொந்தக்காரர் கையில் கயிறு இறுகும், அதுவும் நாய்க்குப் புரியும், அப்போதுதான் அது சீறும். நாலு பேர் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் கேட்காதீர்கள், அவருடைய பிள்ளைகள் முன்னால் கேட்கவே கேட்காதீர்கள். வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 'உங்க நாய் எப்பப் பார்த்தாலும்' என்று தொடங்கினால் சண்டைதான். 'நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு, பி பிளாக் சறுக்கு மரத்துக்குப் பக்கத்தில்' என்று தொடங்குங்கள். நாயின் பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள். தடுப்பூசி போட்டாயிற்றா, மாநகராட்சி உரிமம் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது அனேகமாக முடியாத காரியம். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இங்கே எல்லோருக்கும் உண்டு. முக்கியமாக, எது விதிமீறல், எது நமக்குப் பிடிக்காதது என்று கிளம்பும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். நாய் லிப்டில் வருவது மீறல் இல்லை. கயிறு இல்லாமல் வருவதுதான் தவறு.

தெருநாய்க்குச் சோறு வைப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். 2023-ன் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளில் 20-ஆம் விதி, சோறு வைக்கும் இடம் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் வாசலிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. தகராறு வந்தால் என்ன செய்வது என்றும் அதிலேயே இருக்கிறது. ஒரு குழு அமைக்க வேண்டும். அதில் கால்நடை மருத்துவர், காவல்துறையினர், விலங்கு நல அமைப்பினர் இவர்களோடு புகார் சொன்னவரும் சங்கத்தின் ஆளும் இருக்க வேண்டும். சட்டமே கடைசியில் அவர்களை எதிரும் புதிருமாக உட்காரவைத்துத்தான் பேசச் சொல்கிறது. அதை முதல் நாளே நாம் செய்துவிடலாம்.

நேரில் கேட்டால் உறவு கெடும் என்றார் ஐயா. எங்கள் கீழ் வீட்டு அம்மா அன்று கேட்டார். இன்று நாங்கள் ஊருக்குப் போனால் எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. அந்தப் பையன்தான், நைட் ஷிப்ட் முடித்து வந்து, கருப்பனை முதலில் கீழே கூட்டிப் போகிறான். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அவர் அதை எட்டு மாதம் கழித்துச் சொன்னார்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நாலு மாடி படியேறுகிறேன் என்று சொன்ன அக்காவிடம் ஒரு வார்த்தை. அக்கா, நீங்கள் இங்கே பேச மேடை ஏறும்போதே இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினீர்கள், நான் பார்த்தேன். அந்த லிப்டுக்கு நீங்களும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறீர்கள். அந்த நாய் எந்த வீடு என்று எனக்குத் தெரியும். அவர் நல்ல மனிதர், நீங்கள் படியேறுவது தன் நாயால்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கதவைத் தட்டலாம்.

நன்றி, வணக்கம்.