முதல் வரியில் டீச்சர் சம்பளம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊரில் சிறிய டிரஸ்ட் நடத்துகிறவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது இதைத்தான்: "பக்கத்து மில்லுக்காரங்க ஃபவுண்டேஷன்ல பணம் தர்றாங்களாமே, எப்படிக் கேக்கிறது?"

தயங்காமல் கேட்கலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு அதற்கு வழி செய்திருக்கிறது. வருஷத்துக்கு 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறார்கள். அதிலும் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம்.

காகிதங்களை முதலில் சரி பண்ணுங்கள். டிரஸ்ட் பத்திரம் அல்லது சங்கப் பதிவு, பான் கார்டு, 12ஏ, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிப் பதிவுகள், 3 வருஷத் தணிக்கைக் கணக்கு. 2021 ஏப்ரலிலிருந்து, சி.எஸ்.ஆர். பணம் வாங்குகிற அமைப்பு என்று அரசிடம் பதிவு செய்யும் சி.எஸ்.ஆர்.-1 படிவமும் வேண்டும். எந்த வேலைக்குப் பணம் கேட்கிறீர்களோ, அந்த மாதிரி வேலையில் 3 வருஷ அனுபவத்தையும் பார்ப்பார்கள். ஆடிட்டரோடு உட்கார்ந்தால் இதெல்லாம் முடிகிற வேலை.

முடியாமல் போவது பட்ஜெட்டில்தான். என் அனுபவத்தையே சொல்கிறேன். மாலை நேர வகுப்பு ஒன்றுக்காக நாங்கள் முதன்முதலில் ஒரு ஃபவுண்டேஷனுக்கு விண்ணப்பம் எழுதினோம். பெஞ்சு, கரும்பலகை, நோட்டு, மின்விசிறி எல்லாவற்றையும் போட்டோம். பாடம் நடத்தும் பெண்ணின் சம்பளத்தைப் போடவில்லை. சம்பளம் கேட்டால் தரமாட்டார்கள் என்று பயம். பணம் வந்தது, பெஞ்சும் வந்தது. ஏழாவது மாதம் அந்தப் பெண் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே! பிள்ளைகள் கொஞ்ச நாள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

"நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாமே" என்று பலர் இதே பயத்தோடு சொல்வார்கள். அந்த வரம்பு, கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர். வேலையை நிர்வகிக்க ஆகும் பொதுச் செலவுக்கு. உங்கள் வகுப்பில் பாடம் நடத்துகிறவரின் சம்பளம் திட்டத்தின் செலவு. அதை மறைக்காதீர்கள். வாடகை, பஸ் செலவு, கணக்கு எழுதுகிறவருக்குக் கொடுப்பது என்று உண்மையில் ஆவதை எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய்ப் பேசுங்கள். அவர்கள் கல்விக்கு மட்டும் தருகிறவர்களா, குளம் தூர்வாரவும் தருவார்களா என்று தெரிந்துகொள்ளாமல் இருபது பக்கம் எழுதி என்ன பயன்? கம்பெனியின் கணக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த வருஷத்துக்கான திட்டத்தை இயக்குநர் குழு முடிவு செய்வதற்குள் உங்கள் விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் ஓடுவது தாமதம்.

அப்புறம், விண்ணப்பத்தில் "ஏழைக் குழந்தைகள் வாழ்வில் ஒளியேற்றுவோம்" என்று எழுதாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எந்தத் தெரு, இப்போது எத்தனை பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வருகிறது, வருஷக் கடைசியில் எத்தனை பேர் வாசிப்பார்கள், அதை யார் சோதிப்பது என்று எழுதுங்கள். இப்படி எழுத முடிந்தால் இரண்டே பக்கம் போதும்.

இரண்டாவது முறை வேறொரு ஃபவுண்டேஷனுக்கு அப்படித்தான் எழுதினோம். பட்ஜெட்டின் முதல் வரியிலேயே டீச்சர் சம்பளம். படித்துப் பார்த்த அதிகாரி தலையை நிமிர்த்தி ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தச் சம்பளத்துக்கு அவங்க வருஷம் முழுக்க இருப்பாங்களா?" இல்லை என்றோம். கூட்டி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

வணக்கம்.