விண்மீன் கொத்துகளின் பட்டியல்: சேர்த்தலும் நீக்கலும்

அவையோர் அனைவருக்கும், பாளையங்கோட்டைப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

கார்த்திகை என்று நாம் வழங்கும் அறுமீன், வானியலார் திறந்த விண்மீன் கொத்து என்று வகைப்படுத்தும் இனத்தைச் சேர்ந்தது. ஒரே வாயு முகிலிலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, தம் ஈர்ப்பினால் தளர்வாகப் பிணைந்து சேர்ந்தே பயணம் செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் அதில் உள்ளன. அதன் தொலைவு சுமார் 440 ஒளியாண்டு. இத்தகைய கொத்துகளுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பட்டியல்கள் எழுதப்பட்டு வருகின்றன. ஒரு பட்டியல் எத்தனை கொத்துகளைச் சேர்த்தது என்பதைவிட, எவற்றை நீக்கத் துணிந்தது என்பதைக் கொண்டே அதன் தரத்தை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாரிசில் வால்மீன்களைத் தேடிக்கொண்டிருந்த சார்லஸ் மெசியே, வால்மீன் என்று ஏமாற்றக்கூடிய மங்கலான பொருள்களைத் தொகுத்தார். 1781-இல் அவர் பட்டியலில் 103 பொருள்கள் இருந்தன. கார்த்திகை அதில் 45-ஆவது. 73-ஆவது இடத்தில், கும்ப ராசியில் நெருங்கித் தெரியும் நான்கு விண்மீன்களை ஒரு கொத்து என்று குறித்தார். 1888-இல் வானியலார் ட்ரையர் வெளியிட்ட, 7,840 பொருள்கள் கொண்ட புதிய பொதுப் பட்டியலிலும் (சுருக்கமாக என்.ஜி.சி.) அது 6994 என்ற எண்ணோடு இடம்பெற்றுவிட்டது. அந்த நான்கும் வெவ்வேறு தொலைவில், வெவ்வேறு திசையில் செல்பவை, ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்பது 2002-இல்தான் ஐயமற நிறுவப்பட்டது.

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் தோளோடு தோள் உரச நிற்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்தார் அல்லர். தேர் நிலைக்கு வந்தபின் யார் யாரோடு சேர்ந்து நடக்கிறார்கள் என்று பார்த்தால்தான் உறவு புலப்படும். விண்மீன்களுக்கும் அந்த நடையே சான்று. ஆனால் அது வானத்தில் ஆண்டுக்கு ஆண்டு மிக மிக நுண்ணிய இடப்பெயர்ச்சியாகவே தெரிவதால், நெடுங்காலம் ஒருசில கொத்துகளுக்கு மட்டுமே அதைத் திருத்தமாக அளக்க முடிந்தது.

இடையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ட்ரம்ப்ளர் 1930-இல் 100 கொத்துகளின் தொலைவையும் அகலத்தையும் ஒப்பிட்டபோது, தொலைவிலுள்ள கொத்துகள் உருவிலும் பெரியவை என்று கணக்கு காட்டியது. நம்மிடமிருந்து விலக விலகக் கொத்துகள் பெரிதாக வேண்டிய காரணம் எதுவும் இல்லை. இடையிலுள்ள தூசு ஒளியை மங்கச் செய்வதால் தொலைவை மிகையாக மதிப்பிட்டுவிட்டோம், அதனால் உருவும் மிகையாகிவிட்டது என்று அவர் கண்டார். விண்மீன்களுக்கு இடையே ஒளியை விழுங்கும் தூசு பரவியிருக்கிறது என்ற உண்மைக்கு ஒரு பட்டியலே வழிகாட்டியது.

2013-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நகர்வை அளந்தபின், பழைய பட்டியல்களில் இருந்த பல கொத்துகள் வெறும் தோற்றங்கள் என்று தெரியவந்தது. கையா தரவைக் கொண்டு 2023-இல் வெளியான ஒரு பட்டியலில் 7,167 கொத்துகள் உள்ளன. அவற்றில் 4,105-ஐ மட்டுமே அதைத் தொகுத்தவர்கள் மிகுந்த நம்பகத்துக்கு உரியவையாகப் பிரித்துக் காட்டியுள்ளனர். இந்த நேர்மையை நான் பெரிதும் போற்றுகிறேன்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பாரிசின் அடிவானத்துக்குக் கீழேயே இருந்துவிடும் தென்வானக் கொத்துகள் மெசியேவின் பட்டியலில் இல்லை. அவருக்கு முன்பே, 1751-52-இல், பிரெஞ்சு வானியலார் லக்காய் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து அவற்றுள் சிலவற்றைக் குறித்துவைத்தார். நம் ஊரின் அகலாங்கு ஒன்பது பாகைக்கும் குறைவு என்பதால் அவை நமக்குத் தெரியும். ஏப்ரல் பிற்பகுதியில் இரவு ஒன்பது மணியளவில் உவரிக் கடற்கரையில் நின்று, தென் அடிவானத்துக்குச் சற்று மேலே பைனாகுலரைத் திருப்பினால், தென்கார்த்திகை எனத்தக்க ஐ.சி. (என்.ஜி.சி.யின் துணைப்பட்டியல்) 2602-ஐயும், அதற்குச் சற்று மேலே, 1990-இல் ஹபிள் தொலைநோக்கி முதன்முதலில் படமெடுத்த என்.ஜி.சி. 3532-ஐயும் காணலாம். இரண்டும் கையாவின் சோதனையில் தேறிய உண்மையான கொத்துகள்.