"நல்லா இறங்குது டாக்டர்!" ஆனால் எக்ஸ்ரே சொல்வது வேறு

[திரையில்: ஒரு டம்ளர் கெட்டியான வெள்ளைத் திரவம்]

உணவு விழுங்க முடியாத ஒரு நோய்க்குச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம். "இப்போ எல்லாம் நல்லா இறங்குது டாக்டர்" என்கிறார் நோயாளி. நிற்க வைத்து எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் இந்த பேரியம் திரவத்தைக் குடிக்கச் சொல்கிறார்கள். 5 நிமிடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், குடித்தது இன்னும் நெஞ்சுக்குள்ளேயே நிற்கிறது! யாரை நம்புவது, நோயாளியையா, படத்தையா?

நோயின் பெயர் அகலேசியா. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு வரும். உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம் விழுங்கும்போது தளராது. பலூனால் விரிப்பார்கள், அல்லது தசையை வெட்டிவிடுவார்கள். பின்னணி அவ்வளவுதான்.

[திரையில்: எக்ஸ்ரே]

இதைப் பாருங்கள். மேலே அகலமான வெள்ளைத் தூண், கீழே வரவரக் கூர்மையாகி முடிகிறது. மருத்துவர்கள் இதைப் 'பறவை அலகு' என்பார்கள். பார்த்தால் அப்படியே இருக்கிறது, இல்லையா? 1, 2, 5 நிமிடங்களில் படம் எடுத்து, தூண் எத்தனை செ.மீ. நிற்கிறது என்று அளக்கிறார்கள். அவ்வளவு எளிமையான சோதனை! சமையலறை சிங்க்கில் தண்ணீர் போகிறதா என்று கேட்டால் 'போகுது' என்போம். எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று பார்த்தால்தான் அடைப்பு தெரியும்.

நோயாளி பொய் சொல்லவில்லை. பல ஆண்டு விரிந்து கிடந்த குழாய்க்கு உணர்வு மங்கியிருக்கலாம். மெதுவாக மென்று, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்தே பழகியும் இருப்பார்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் பலூன் சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர்ந்து 2002இல் ஓர் ஆய்வு வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் 'சரியாகிவிட்டது' என்று சொல்லியும் பேரியம் வடியாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தொல்லை திரும்பியது. தேங்கினாலே எல்லோருக்கும் திரும்பும் என்று அர்த்தமில்லை. அவர்களை விட்டுவிடாமல் கவனிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

யாருக்குப் பலன் கிடைக்கும் என்று சிகிச்சைக்கு முன்பே கணிக்க முடியுமா? முடியும். உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி, நோயை மூன்று வகையாகப் பிரிக்கிறது. 2008இல் சிகாகோ ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், சிகிச்சையால் இரண்டாம் வகையினரில் 96 சதவீதம் பேருக்குப் பலன், முதல் வகையில் 56, மூன்றாவதில் வெறும் 29!

உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சை எடுத்திருந்தால், அடுத்த முறை போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள். "முன்னால் எத்தனை செ.மீ., இப்போ எத்தனை?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்ன பதிலைக் கமெண்டில் எழுதுங்கள்.