தூண்டில் வாங்கப் போகிறீர்களா? முள்ளிலிருந்து ஆரம்பியுங்கள்

[காட்சி: காலை ஆறரை மணி. சேரன்மகாதேவிக்குக் கீழே தாமிரபரணிப் படித்துறை ஒன்று. சுவரில் இரண்டு தூண்டில்கள் சாய்ந்திருக்கின்றன. ஒன்று பளபளக்கும் கறுப்பு ராடு. மற்றது மூங்கில் கம்பு.]

வணக்கம். முதலில் இந்தக் கறுப்பு ராடைப் பாருங்கள். பத்து அடி நீளம், தேங்காய் அளவுக்கு ஒரு ரீல், கூடவே ஒரு டப்பா நிறையக் கலர் கலராகப் பிளாஸ்டிக் மீன்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கான முழு செட் என்று போட்டிருந்ததை நம்பி, நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கினேன். இதே படித்துறையில் மூன்று மணி நேரம் வீசினேன். ரீலில் சுற்றியிருந்த நரம்பு அரை மில்லிமீட்டர் தடிமன். தண்ணீரில் விழுந்த பிறகும் நிமிராமல் வேலிக்கம்பி மாதிரிச் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏய்யா, மீனு பிடிக்கியா, ஆத்துக்கு ஊசி போடுதியா?"

அது கடற்கரையில் நின்று அலையைத் தாண்டி வீசுகிற செட் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உவரியில் நின்றால் அதற்கு வேலை இருக்கும். இருபது அடி தூரத்தில் கெண்டை மேய்கிற ஆற்றில் அதற்கு என்ன வேலை?

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் ராடைத்தான் கேட்கிறோம். கையில் பிடிப்பது அதுதானே. ஆனால் மீன் உங்கள் ராடைப் பார்ப்பதே இல்லை. அதன் வாயில் படுவது இரையும் முள்ளும் நரம்பும்தான். அதனால் இந்த வீடியோவில் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து கைப்பக்கமாக வரப்போகிறோம். முதலில் மீன், அப்புறம் இரை, முள், நரம்பு, தக்கை. கம்பு கடைசியில்.

[காட்சி: பாறை இடுக்கில் மேயும் சிறு கெண்டைக் கூட்டம்.]

நம் பக்கத்து ஆற்றிலும் வாய்க்காலிலும் புதியவர் கையில் சிக்கக்கூடியவை மூன்று. கெண்டை, சிலேபி, கெளுத்தி.

சிலேபிதான் நல்ல வாத்தியார். ஜிலேபிக் கெண்டை என்றும் சொல்வார்கள். ஆப்பிரிக்கா சொந்த ஊர். இந்தியாவுக்கு 1952-ல் கொண்டுவந்தார்கள், இன்றைக்கு இது இல்லாத குளம் கிடையாது. பாசி, புழு, மாவு எது கிடைத்தாலும் தின்னும், பகலிலும் தின்னும். கெண்டைக்கு வாய் சின்னது, சந்தேகம் பெரியது. கெளுத்தி அடிமண்ணில் மேயும், பொழுது சாய்ந்த பிறகுதான் அதற்குச் சுறுசுறுப்பு வரும்.

விராலை மட்டும் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உயிர்த்தவளையோ ரப்பர் தவளையோ வேண்டும், இறுக்கமான ராடும் வேண்டும். அது காற்றுக் குடிக்க மேலே வருகிற மீன் என்பதால் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். செக்கச்செவேலென்று குஞ்சுகள் பந்து மாதிரித் திரண்டு மேலே மிதந்தால், கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கின்றன என்று அர்த்தம். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் கோபத்திலேயே வந்து கடிக்கும். பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும்.

இரைக்கு வருவோம். மண்புழுவை மிஞ்சியது இல்லை. பழைய ஆட்கள் நாங்கூழ் என்பார்கள். வாழைத்தோட்டத்து ஈர மண்ணில் நான்கு கொத்துக் கொத்தினால் ஒரு நாளைக்குப் போதும். சிரட்டையில் அதே மண்ணோடு போட்டு நிழலில் வையுங்கள். புழுவை முழுசாகத் தொங்கவிடக் கூடாது. மீன் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். ஒரு அங்குலம் கிள்ளி, முள்ளின் வளைவிலேயே உறை மாதிரி ஏற்றுங்கள்.

சிலேபிக்கு மைதா மாவே போதும். புரோட்டா மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசையுங்கள். அதில் ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துப் போட்டுச் சேர்த்துப் பிசைந்தால், மாவு தண்ணீரில் கரைந்து போகாமல் முள்ளிலேயே நிற்கும். முதலில் பஞ்சு போடாமல் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

[காட்சி: உள்ளங்கையில் நான்கு முட்கள், பெரியதிலிருந்து சின்னது வரை. பக்கத்தில் ஒரு கட்டைவிரல் நகம்.]

முள்தான் நிறையப் பேர் ஏமாறுகிற இடம். எண் கூடக் கூட முள் சின்னதாகும். 12-ஆம் நம்பர் முள் 6-ஐவிடச் சின்னது. 1-க்கு அப்புறம் கணக்கு திரும்பிவிடும். 1/0, 2/0, 3/0 என்று போகப்போகப் பெரிதாகும். நம் கெண்டைக்கு 12 அல்லது 10. சிலேபிக்கு 8. கெளுத்திக்கு 6. இதற்கு மேல் ஆற்றுக்குத் தேவையில்லை. பெரிய முள்ளில் பெரிய மீன் வரும் என்று நினைப்போம். சின்ன முள்ளைப் பெரிய மீனும் விழுங்கும், பெரிய முள்ளைச் சின்ன மீனால் வாயில் வைக்கவே முடியாது.

கூர்மையைப் பார்ப்பது சுலபம். முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுங்கள். நகத்தில் பிடித்து நின்றால் நல்ல முள். வழுக்கிக்கொண்டு ஓடினால் மழுங்கிவிட்டது. பாறையில் இரண்டு தடவை பட்டாலே மழுங்கும், அதனால் அரைமணிக்கு ஒரு தடவை பாருங்கள். ராடுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள்கூட முள்ளை மாற்ற யோசிப்பது எனக்கு இன்றைக்கும் புரியாத விஷயம். ஒரு முள்ளுக்கு டீக்காசுகூட ஆகாது.

நரம்பு கால் மில்லிமீட்டர், அதாவது 0.25. ஏறத்தாழ நான்கைந்து கிலோ தாங்கும். பின்னல் நரம்பு என்று மெல்லியதாக, பலமாக ஒன்று விற்கிறார்கள். அது துளிகூட நீளாது, விரலையும் அறுக்கும். சாதாரண நைலான் நரம்பு இழுபட்டால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். புதியவர் கை பதறி வெட்டி இழுக்கும்போது அந்த நீட்சிதான் மீனைக் காப்பாற்றித் தரும். வெயிலில் கிடந்த நரம்பு இற்றுப்போகும், கடையில் கண்ணாடி ஓரம் தொங்குவதை வாங்காதீர்கள்.

[காட்சி: மிக அருகில். நரம்புக்குப் பதில் சிவப்புக் கயிறு, முள்ளுக்குப் பதில் ஒரு பெரிய வளையம்.]

இப்போது முடிச்சு. இதைப் பார்த்துவிட்டு வீடியோவை நிறுத்தி, நீங்களும் ஒரு சாவி வளையத்தில் கட்டுங்கள். நரம்பை முள்ளின் காதுக்குள் விடுகிறேன். ஒரு சாண் வெளியே எடுக்கிறேன். அந்த நுனியை மேலே போகும் நரம்பைச் சுற்றி ஐந்து சுற்றுச் சுற்றுகிறேன். காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி தெரிகிறதா? அதற்குள் நுனியை விடுகிறேன். விட்டதும் பெரிய வளையம் ஒன்று உண்டாகிறது, அதற்குள்ளும் ஒரு தடவை. இனி இழுக்க வேண்டியதுதான். இழுப்பதற்கு முன்னால் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த நைலானை இறுக்கினால் உரசலில் சூடாகி அந்த இடத்திலேயே பலம் குறைந்துவிடும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனது என்று சொல்வார்களே, பாதி நேரம் காய்ந்த முடிச்சுதான் அந்தப் பெரிய மீன்.

தக்கைக்கு மயிலிறகுக் காம்பு அருமையான சாமான். ஹவாய் செருப்புத் துண்டு, சோளத்தட்டைக்குள் இருக்கும் நெட்டி, எதுவும் ஆகும். அளவுதான் முக்கியம். தக்கை முழுக்க மேலே மிதந்தால், கெண்டை இரையைத் தொட்ட உடனே பாரம் தெரிந்து துப்பிவிடும். நரம்பில் சின்னச் சின்ன ஈயக்குண்டுகளாக நசுக்கிச் சேர்த்துக்கொண்டே போங்கள். தக்கையின் நுனி மட்டும், ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே தெரிந்தால் போதும். ஈயத்தைப் பல்லால் கடித்து நசுக்காதீர்கள், அது விஷம். குறடு கொண்டு போங்கள்.

ஆழம் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முள்ளில் கனமான ஈயம் ஒன்றை மாட்டிப் போடுங்கள். தக்கை முங்கிப்போனால் நீங்கள் வைத்ததைவிட ஆழம் அதிகம். சாய்ந்து படுத்தால் ஆழம் குறைவு. தக்கையை மேலும் கீழும் நகர்த்தி, நுனி சரியாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கெளுத்திக்கு அதே ஆழம். கெண்டைக்கு அதிலிருந்து நான்கு விரல் மேலே.

[காட்சி: மூங்கில் கம்பை எடுத்து வளைத்துக் காட்டுதல்.]

இனிதான் கம்பு. எட்டு ஒன்பது அடி மூங்கில், நுனி சிறுவிரலைவிட மெல்லியதாக. பச்சையாக வெட்டினால் நிழலில் இரண்டு மூன்று வாரம் உலரவிடுங்கள், இல்லாவிட்டால் வளைந்தது வளைந்தபடி நிற்கும். நரம்பு கம்பின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக இருந்தால், தூக்கும்போது மீன் நேராகக் கைக்கு வரும்.

கடையில் விற்கும் கார்பன் ராடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் மின்சாரம் பாயும். ஊருக்குள் வாய்க்கால் ஓரமாக மின்கம்பி போகும் இடத்தில் ராடை நிமிர்த்திப் பிடிக்கவே கூடாது.

தக்கையைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி தொழில் கைக்கு வந்த மாதிரி. டொக் டொக்கென்று சின்னதாகத் துடித்தால் கெண்டை சுவை பார்க்கிறது, கையை அசைக்காதீர்கள். தக்கை படுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தால் சிலேபி. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே அடியாக உள்ளே போனால் கெளுத்தி. தக்கை நகர ஆரம்பித்ததும் மணிக்கட்டை மட்டும் மேலே சுண்டுங்கள், ஒரு சாண் போதும். மாட்டை விரட்டுகிற மாதிரி வீசினால் மீனின் உதடு மட்டும்தான் வரும். நான் முதல் மாதத்தில் பின்னால் இருந்த புன்னை மரத்தில்தான் அதிகம் பிடித்தேன்.

கெளுத்தியைக் கழற்றும்போது கவனம். முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று முட்கள் இருக்கும். பக்கத்து முட்களுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வருகிற மாதிரிப் பிடித்தால் குத்தாது. ஈரத்துணி போட்டுப் பிடிப்பது இன்னும் நல்லது. தேளி மீன் சிக்கினால் கையே வைக்காதீர்கள், நரம்பை அறுத்துவிடுங்கள். பேருக்கு ஏற்ற கடுப்பு. குத்திவிட்டால் கை தாங்கும் சூட்டுத் தண்ணீரில் விரலை முக்கி வைத்தால் வலி அடங்கும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரி.

ரீல் எப்போது? கம்பில் ஒரு கார் பருவம் முழுக்கப் போட்டுப் பழகிய பிறகு. அப்போது ஆறேழு அடி ராடும் 2000 அல்லது 2500 அளவு ஸ்பின்னிங் ரீலும் போதும். அதில் கற்க வேண்டிய ஒரே விஷயம் டிராக். மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் திருகு அது. நரம்பு தாங்குவதில் கால் பங்குக்கு வைப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டித் தூக்குங்கள். பாட்டில் மெதுவாக இறங்கினால், நமது 0.25 நரம்புக்கு அது சரியான இறுக்கம்.

[காட்சி: ஆற்றின் நடுவே கரும்பச்சையாகத் தெரியும் நீர்ப்பரப்பு.]

எங்கே போடுவது என்பதைவிட எங்கே போடக் கூடாது என்று சொல்கிறேன். பாபநாசம் கோயில் படித்துறையில் ஜனங்கள் பொரி போடுகிற மீன்களை யாரும் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள். காரையாறு, சேர்வலாறு எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன, அங்கே தூண்டிலோடு போனால் வழக்குதான். குளங்களில் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்த குத்தகைதாரர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்பார், கேட்காமல் போட்டால் கம்பு முறியும். மீனுக்கு வெடித்தோட்டா போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே குற்றம்.

ஆற்றில் அங்கங்கே கசம் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஆள் அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடுவார். மணல் அள்ளிய பள்ளங்களும் அப்படித்தான். ஒரு வெள்ளம் வந்துபோனால் பழைய இடத்தை நம்பாதீர்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மழையே இல்லாமல் ஆறு ஏறும். நிற்கிற கல்லில் ஈரக்கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், கோடு முங்கினால் கரைக்கு வந்துவிடுங்கள்.

கிளம்பும்போது நரம்பைக் கம்பில் சுற்றி, முள்ளைத் தக்கையில் குத்தி வையுங்கள். அறுந்த துண்டுகளை விரலில் சுருட்டிப் பழைய தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு மூடுங்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற நாரைகளும் கூழைக்கடாக்களும் நம் குளங்களில்தான் இரை தேடுகின்றன, காலில் நைலான் சுற்றினால் அவற்றால் கழற்ற முடியாது. என் பாட்டில் இதோ, பாதி நிறைந்துவிட்டது. இதில் முக்கால்வாசி அந்தக் கறுப்பு ராடில் இருந்து வந்தது.