ஃபைபரும் மின்சாரமும்: இணைப்பு முனைகளைக் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிகள், சிறிய மருத்துவமனைகள், கூட்டுறவுச் சங்க அலுவலகங்கள் போன்ற இடங்களில் மின்சார வேலையையும் நெட்வொர்க் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறவன் நான். இடி மழை பெய்த மறுநாள் காலையில் வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "முன் கட்டடத்தில் நெட் வருது சார், பின் கட்டடத்தில் வரல. நெட்வொர்க் சுவிட்சில் ரெண்டு மூணு போர்ட் செத்துப்போச்சு." போய்ப் பார்த்தால், இரு கட்டடங்களுக்கும் நடுவே செம்பு லேன் கேபிள் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த் இருக்கிறது. பக்கத்தில் இடி விழும்போது இந்த எர்த்துக்கும் அந்த எர்த்துக்கும் இடையே ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பெரிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். நடுவில் செம்புக் கம்பி இருந்தால், அது வழியாகவே பாய்ந்து போர்ட்டை எரித்துவிடும். அதனால் கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் கேபிள், தூரம் முப்பது மீட்டரே ஆனாலும், ஃபைபராகவே, அதாவது ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழையாகவே இருக்கட்டும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. லேன் கேபிளுக்கு உள்ள 100 மீட்டர் எல்லையும் அதற்குக் கிடையாது.

ஆனால் வெளியில் போடும் ஃபைபர் கேபிள்கள் பலவற்றில், தாங்கிப் பிடிப்பதற்காக ஓர் எஃகுக் கம்பி கூடவே வரும். அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். கடையில் "உலோகமே இல்லாத கேபிள் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். எலி கடிக்கும் இடத்தில், மண்ணில் புதைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் எஃகுக் கவசம் போட்டதை வாங்கலாம். அப்போது கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே கவசத்தை எர்த் செய்து நிறுத்திவிட வேண்டும். கருவி வரை கொண்டுபோகக் கூடாது.

புதிதாகப் போடுகிறவர்கள், ஒளி ஒரே பாதையில் போகும் சிங்கிள் மோடு ஃபைபரையே போடுங்கள். நாளைக்கு வேகம் கூட்ட நினைத்தால் இரு முனையிலும் ஒளியை அனுப்பிப் பெறும் மாட்யூலை மாற்றினால் போதும், கேபிளைத் தோண்ட வேண்டாம். ஒரே இழையில் போகவரச் செய்யும் மாட்யூல்கள் ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்பினால் எதிர்ப்பக்கத்து மாட்யூல் 1550 போன்ற வேறொன்றில் அனுப்பும். ஆகவே கையிருப்பு வைக்கும்போதும் ஜோடியாக வாங்கி வையுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஃபைபர் நடுவழியில் தானாகக் கெட்டுப்போவது அரிது. கெடுவது முனையில். சிங்கிள் மோடு இழையில் ஒளி போகும் பாதையின் அகலம் சுமார் 9 மைக்ரான். தலைமுடி அதைப்போலப் பல மடங்கு தடிமன். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு அங்கே உட்கார்ந்தால் பாதையே அடைபடும். கனெக்டரைக் கழற்றியதும் மூடியைப் போடுங்கள். சட்டையில் துடைக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். இதற்கென்றே பேனா வடிவில் கிளீனர் விற்கிறார்கள். செருகுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்து. முனைக்குள் உற்றுப் பார்க்கவும் வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை நிறத்தில் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். நீலத்தில் சாய்வு இல்லை. பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போய் உட்காரும், சில நேரம் நெட்டும் வரும். ஆனால் ஒளி வீணாகும், முனைகளும் பழுதாகும்.

வீட்டு இணைப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வழி. உங்கள் ஃபைபர் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிடும் அளவு) கணக்கில் இருக்கும். மைனஸ் 20 என்றால் நிம்மதி. மைனஸ் 27 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். அது ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. இணைப்பு நன்றாக ஓடும் நாளில் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு அது மூன்று குறைந்தால், அதாவது மைனஸ் 20 மைனஸ் 23 ஆனால், ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். பீரோவுக்குப் பின்னால் வயர் மடங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மின்சாரத்திலும் பழுது முனையில்தான் தொடங்குகிறது. மின்சாரம் அறைகளுக்குப் பிரியும் டி.பி. பாக்ஸுக்குள் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் அங்கே சூடேறும், சூட்டில் இன்னும் தளரும், கடைசியில் கருகும். அதிலும் மூன்று ஃபேஸ் உள்ள இடத்தில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 400-ஐ நெருங்கி வரக்கூடும். ரூட்டர், சுவிட்ச், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு நியூட்ரலில் ஆரம்பித்து எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கச் சொல்லுங்கள்.

மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் வயரை. அந்த வயர் தாங்காத அளவுக்குப் பெரியதைப் போட்டால் வயர்தான் எரியும். ஷாக் அடிக்கும்போது ஆளைக் காப்பாற்ற, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள்.

யு.பி.எஸ். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மொட்டைமாடி அறையில் வைக்காதீர்கள்.

எர்த்தின் மின்தடை அளவை அடைமழையில் எடுத்தால் நன்றாகத்தான் காட்டும். மண் காய்ந்து கிடக்கும் சித்திரையில் எடுங்கள். வேலை முடிந்து பணம் கொடுப்பதற்கு முன், எர்த் அளவு, ஒவ்வொரு இழையின் ஒளியிழப்பு, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, டி.பி. கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். இரவில் அவசரத்துக்கு வருகிற அடுத்த ஆள் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார்.

நன்றி, வணக்கம்.